தொட்டி எலுமிச்சை உயரமாகப் போகிறது, காய்க்கவில்லை. எப்போது, எவ்வளவு வெட்டலாம்?

உங்களிடம் இருப்பது மாடியில் வைத்த ஒட்டுச்செடி (வேறொரு செடியின் வேர்த்தண்டில் நல்ல எலுமிச்சையை ஒட்டி வளர்த்தது) என்றும், கையில் கத்தரியோடு நிற்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். இது மே மாதமாக இருந்தால் தயவுசெய்து கத்தரியைக் கீழே வைத்துவிடுங்கள்.

நான் வேலூர் சத்துவாச்சாரி. கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனாலும் அந்த வெயிலில்தான், நன்றாக வெட்டினால் நன்றாகத் தழையும் என்று யாரோ சொன்னதை நம்பி, அப்பா வாங்கித் தந்த செடியைப் பாதிக்கு மேல் வெட்டினேன். நிழல் கொடுத்த இலைகள் போனதும் மேற்குப் பக்கத்துப் பட்டை வெந்து வெடித்தது. கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன.

அதோடு விட்டேனா? மழைக்கு அப்புறம் அடியிலிருந்து இரண்டு போத்து கிளம்பியது. நீள முள், அப்படி ஒரு வேகம். செடி பிழைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில், நோஞ்சானாக நின்ற பழைய கிளையையும் எடுத்துவிட்டேன். பொங்கலுக்கு வந்த அப்பா குனிந்து பார்த்து, "ஏம்மா, ஒட்டுக்குக் கீழ வர்றத வளத்துட்டு ஒட்டையே வெட்டிட்டியே" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அதனால் முதலில் ஒட்டு எங்கே என்று பாருங்கள். தண்டில் கொஞ்சம் தடித்தோ வளைந்தோ ஓர் இடம் தெரியும். அதற்குக் கீழே எது முளைத்தாலும் விரல் நீளத்திலேயே பிய்த்துவிடுங்கள். மேலே காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, உள்பக்கம் போவது, ஈட்டி மாதிரி நேராக நிமிர்வது, இவை மட்டும் போதும். ஒரு தடவைக்குக் கால்வாசிக்கு மேல் வேண்டாம். கத்திரி முடிந்து வெயில் தணிந்தபின், காய் இருந்தால் பறித்துவிட்டு, ஈரமில்லாத நாளில் வெட்டுகிறேன். ஐப்பசி மழையில் தொடுவதில்லை, சொறி நோய் வெட்டுக்காயம் வழியாக ஏறிவிடும். கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள்.

தோப்பு வைத்திருப்பவர்கள் வேறு கணக்கு சொல்வீர்கள். சரி, நான் சொல்வது தொட்டிக்கு.

இன்னொன்று, காய்க்காததற்கு வெட்டாதது மட்டும் காரணமாக இருக்காது. எங்கள் போர் தண்ணீரில் தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் படிகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இலை மஞ்சளாகிறது. பாலாற்றுக் கரை ஊரில் இருந்துகொண்டு, ஒரு செடிக்கு மழைத்தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்து ஊற்றுகிறேன். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுக்காக 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்ன ஆறு இது. எங்கள் தெரு உப்புக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மணலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அந்தத் தொட்டியில் இப்போதும் முள்செடிதான் நிற்கிறது. பிடுங்க வேண்டாம், அடுத்த முறை வரும்போது அதிலேயே நல்ல எலுமிச்சை மொட்டு கட்டித் தருகிறேன் என்றிருக்கிறார் அப்பா.