மஞ்சள் ஜெல்லும் ஈறுப் பையும்: கேள்வி-பதில்

கே: ஈறு நோய்க்கு, ஈறுப் பைக்குள் வைக்கும் மூலிகை ஜெல் செய்யப் பார்க்கிறோம். கிருமி வளர்க்கும் அகார் (கூழ்) தட்டில் வேப்பிலைச் சாற்றைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் விழுந்தது. மஞ்சளில் உள்ள குர்குமினுக்கு விழவே இல்லை. மஞ்சளை விட்டுவிடலாமா?

ப: அவசரப்படாதீர்கள். குர்குமின் தண்ணீரில் கரையாது; அகாரில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதனால் அது, மருந்து ஊற்றிய குழியின் ஓரத்திலேயே மஞ்சள் கறையாகத் தேங்கி நிற்கும். வளையத்தின் அகலம் வீரியத்தை மட்டும் காட்டுவதில்லை, பொருள் எவ்வளவு தூரம் பரவியது என்பதும் அதில் கலந்திருக்கிறது. வேப்பிலையை எத்தனாலில் எடுத்திருந்தால் அந்த வளையம் எத்தனாலுடையதாகவும் இருக்கலாம். வெறும் கரைப்பான் போட்ட குழி ஒன்று வைத்தீர்களா?

திரவ ஊடகத்தில் இரண்டிரண்டு மடங்காக நீர்த்து எம்ஐசி (கிருமி வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவு) பாருங்கள். குர்குமினைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அது மட்டும் உள்ள வரிசை கட்டாயம் வேண்டும். அதிகச் செறிவில் குர்குமின் படிந்து கலங்கும். கருவி அந்தக் கலங்கலைக் கிருமி வளர்ச்சி என்று படித்துவிடும். பாக்டீரியா சேர்க்காத குர்குமின் கிணறுகளையும் (சோதனைத் தட்டின் சிறு குழிகள்) வைத்து, ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் ரத்த அகாரில் தடவி, வளரும் கிருமிக் காலனிகளை எண்ணிவிடுங்கள்.

இன்னொன்று: ஈறு நோய்க் கிருமியான போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் ஆக்சிஜன் இல்லாத சூழலில், ஹீமினும் வைட்டமின் கே-யும் கொடுத்தால்தான் ஒழுங்காக வளரும். காலனி கறுக்க ஒரு வாரம்கூட ஆகும். ஒரே இரவில் வளரும் ஈ.கோலை பாக்டீரியாவோடு வேலை செய்த பழக்கத்தில் மறுநாள் காலையே தட்டைப் பார்த்து 'கிருமி செத்துவிட்டது' என்று எழுதிவிடுகிறார்கள்.

கே: எம்ஐசி நன்றாக வந்தது. வாய் கொப்பளிப்பு நீராகவே செய்துவிடலாமா?

ப: ஈறின் மேல்பக்க வீக்கத்துக்குச் சரி. ஈறு பல்லை விட்டு விலகி உண்டாகும் ஆழமான பைக்குள் கொப்பளிப்பு நீர் அனேகமாக இறங்காது. 5 மி.மீ. பையில் இருக்கும் திரவமே சுமார் அரை மைக்ரோலிட்டர்; அதுவும் மணிக்கு 40 முறை போலப் புதிதாகிறது. தங்காத மருந்து நிமிடங்களில் வெளியேறிவிடும். போட்டிக்கு நிற்கும் குளோர்ஹெக்சிடின் சிப் (பைக்குள் செருகும் கிருமிநாசினி வில்லை), 2.5 மி.கி. மருந்தை 7 முதல் 10 நாள் வரை மெல்ல விடுகிறது. உங்கள் ஜெல் எத்தனை மணி நேரம் விடுகிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

வைக்கும் முறையும் முக்கியம். ஸ்கேலிங், ரூட் பிளேனிங் (பல்லிலும் வேரிலும் ஒட்டிய காரையைச் சுரண்டி எடுப்பது) முடிந்து ரத்தக் கசிவு நின்ற பிறகு, பஞ்சு உருளை வைத்து உலர்த்துங்கள். முனை மழுங்கிய ஊசியைப் பையின் அடிவரை இறக்கி, ஜெல் ஈறு விளிம்பில் எட்டிப்பார்க்கும் வரை நிரப்பிக்கொண்டே மேலே எடுங்கள். ரத்தம் ஊறும் பையில் வைத்த ஜெல் பஞ்சோடுதான் வரும்.

கே: 20 நோயாளிகள், ஆளுக்கு 10 பைகள், மொத்தம் 200 மாதிரி. பி மதிப்பு (மருந்துக்குப் பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே. போதும்தானே?

ப: உங்கள் மாதிரி 20தான். ஒரே வாயில் உள்ள பைகள் ஒரே சர்க்கரை அளவையும் ஒரே புகைப் பழக்கத்தையும் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றைத் தனித்தனி ஆளாக எண்ண முடியாது. பை ஆழத்தில் 0.5 மி.மீ. வித்தியாசத்தைப் பிடிக்க, திட்டவிலக்கம் (ஆளுக்கு ஆள் மாறும் அளவு) 1 மி.மீ. என்றால், 80 சதவீதத் திறனுக்கு (உண்மையான வித்தியாசத்தை 100-க்கு 80 முறை பிடிப்பதற்கு) குழுவுக்கு 64 பேர் தேவை. பாதியில் நிற்பவர்களுக்கு 15 சதவீதம் விட்டால் 76.

எல்லோருக்கும் ஒரே மாதிரி ஸ்கேலிங், ரூட் பிளேனிங் நடக்க வேண்டும். ஒப்பீட்டுக் குழுவுக்குக் குர்குமின் மட்டும் இல்லாத அதே ஜெல். 'ஜெல் வைத்தோம், பை குறைந்தது' என்பது எதையும் நிரூபிக்காது, ஏனென்றால் 4-6 மி.மீ. பை சுத்தம் செய்தாலே சராசரியாக 1 மி.மீ.க்கு மேல் குறையும். அதற்கு மேல் 0.2 மி.மீ. கிடைத்தால், புள்ளியியலில் தேறினாலும், பை ஆழம் அளக்க 1 மி.மீ. கோடு போட்ட புரோபை வைத்திருக்கும் மருத்துவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

கே: ஜெல் மஞ்சள் நிறமாயிற்றே, யாருக்கு எது என்று தெரிந்துவிடாதா?

ப: தெரியும். ஒப்பீட்டு ஜெல்லுக்கு உணவு நிறம் சேருங்கள். வைப்பவர் வேறு, அளப்பவர் வேறு. கறை போன பின், 3-ஆம் மாதம் அளவெடுங்கள்.

கே: மூலிகைதானே, பாதுகாப்புச் சோதனை எதற்கு?

ப: வட அமெரிக்காவில் பிளட்ரூட் என்ற செடியிலிருந்து எடுத்த சாங்குவினாரின் என்ற பொருள் 1980களில் பற்பசையிலும் கொப்பளிப்பு நீரிலும் சேர்க்கப்பட்டது. பின்னாளில், பயன்படுத்தியவர்களுக்கு மேலுதட்டின் உட்புற மடிப்பில் வெள்ளைத் திட்டு (லூக்கோபிளேக்கியா) வருவதாகப் பல்மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆய்வகத்தில் வளர்த்த ஈறு நார்ச்செல்களில் நச்சுச் சோதனை முடியாமல் ஆள் வாயில் வைக்காதீர்கள்.

கே: ஈறில் ரத்தம் வருகிறது. வீட்டு மஞ்சள்தூளும் கிராம்பு எண்ணெயும் தடவலாமா?

ப: தூளில் குர்குமின் 3 சதவீதம் அளவில்தான். பல்லில் ஒட்டிய காரை அதனால் கரையாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும். நீர்க்காத கிராம்பு எண்ணெய் ஈறைப் பொசுக்கும், அதைத் தொடாதீர்கள்.