சொந்தப் பாடல் தொகுப்பிலிருந்து ரிங்டோன்: கேள்வி பதில்

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, விருப்பமான பாடலை ரிங்டோனாக வைத்திருக்கிறேன். கொழும்பு காலி வீதி பஸ்ஸில் அழைப்பு வந்தால் கேட்பதே இல்லை. ஒலியளவு முழுமையாகத்தான் இருக்கிறது.

பாடல் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள் தம்பி. மெல்லிய வயலினோடு தொடங்கினால், குரல் எழுவதற்குள் அழைத்தவர் வைத்துவிடுவார். பஸ் இஞ்சினின் உறுமல் தாழ்ந்த ஒலி. பாட்டின் தாழ்ந்த ஒலிகள் அதில் அமுங்கிவிடும். தொலைபேசியின் சின்னஞ்சிறு ஸ்பீக்கரால் அவற்றைச் சரியாக எழுப்பவும் முடியாது. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரையுள்ள உயர்ந்த ஒலிகளை. ஆகவே முதல் நொடியிலேயே நாதஸ்வரமோ உச்சக் குரலோ பாய்ந்து வரும் இடத்தைத் தேடி எடுங்கள். பாட்டின் அழகான இடம் வேறாக இருக்கலாம். அதை வீட்டில் ஆறுதலாகக் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: ஒடாசிட்டி என்ற ஒலி வெட்டும் கணினி மென்பொருளில் பாடலை வெட்டினேன். ரிங்டோன் திரும்பத் தொடங்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வருகிறது. தாளமும் தடுக்கி விழுகிறது.

இரண்டும் வெட்டிய இடத்தால் வருபவை. ஒலி அலை நடுக்கோட்டைத் தொடாத இடத்தில் வெட்டினால் 'டிக்' எழும். பகுதியைத் தெரிவுசெய்தபின் 'இசட்' விசையை அழுத்துங்கள். இரு முனைகளும் அருகில் அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்துக்கு நகரும். தாளத்துக்குக் கையால் தட்டிக்கொண்டே கேளுங்கள். ஆதி தாளமென்றால் எட்டு அட்சரம் முடிந்து, அடுத்த சமத்துக்கு (சுற்றின் முதல் தட்டுக்கு) சற்று முன்னால் வெட்டுங்கள். இரண்டு அல்லது நான்கு ஆவர்த்தனம் (முழுத் தாளச் சுற்று) தாராளம். பாட்டு சமத்தில் அல்லாமல் சற்றுத் தள்ளித் தொடங்குவதானால், வெட்டும் இடமும் அந்த எடுப்புக்கு, அதாவது பாட்டுத் தொடங்கும் இடத்துக்கு, சற்று முன்னால் வரவேண்டும். அப்போது மணி எத்தனை முறை சுற்றினாலும் தவில்காரர் கை மாறாமல் வாசிப்பதுபோல் இருக்கும். இதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் செய்து பார்த்தவர்கள் பழையபடி வெட்டமாட்டார்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: ஆடிவேல் ஊர்வலத்தில் நானே பதிவுசெய்த நாதஸ்வரம் இருக்கிறது. பின்னால் ஜெனரேட்டர் இரைச்சல்.

அருமையான தேர்வு! தாழ்ந்த ஒலிகளைக் குறைக்கும் ஹை-பாஸ் வடிகட்டியை 250 ஹெர்ட்ஸில் வையுங்கள். உறுமலில் பெரும்பங்கு போய்விடும், நாதஸ்வரத்துக்குப் பெரிய சேதம் வராது. பிறகு உச்ச ஒலியை மைனஸ் 1 டெசிபலுக்கு, அதாவது உடையாமல் ஒலிக்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே, கொண்டுவாருங்கள். இரைச்சல் நீக்கும் கருவியை அளவோடு பயன்படுத்துங்கள்; மிஞ்சினால் நாதம் தகரத்தில் தட்டியதுபோலாகும்.

வெட்டிய பாடலைத் தொலைபேசியில் ரிங்டோனாக வைப்பது எப்படி?

ஆண்ட்ராய்டில் எம்.பி.3 கோப்பை 'ரிங்டோன்ஸ்' கோப்புறையில் போட்டு, அமைப்புகளில் அதைத் தெரிவுசெய்தால் போதும். ஐபோனில் கராஜ்பேண்ட் செயலியில் பாடலைத் திறந்து, 30 நொடிக்குள் சுருக்கி, பகிர்வில் 'ரிங்டோன்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

மாதச் சந்தா கட்டும் செயலியில் பதிவிறக்கிய பாடலை வெட்ட முடியுமா?

முடியாது. அந்தக் கோப்புகள் பூட்டப்பட்டவை. உங்கள் சிடியிலிருந்தோ, விலைக்கு வாங்கிய பூட்டில்லாத கோப்பிலிருந்தோ எடுங்கள்.

தெஹிவளையிலிருந்து: அப்பாவுக்கு 78 வயது. கீச்சென்ற மணி அவருக்குக் கேட்பதில்லை, அண்ணா.

வயதாகும்போது முதலில் குறைவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன்தான், தங்கச்சி. அவருக்கு மட்டும் முதல் பதிலில் சொன்னதைச் சற்று மாற்றுங்கள்: 500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை வலுவாக ஒலிக்கும் ஆண் குரலோ வீணையோ எடுங்கள். அவருக்குப் பழக்கமான பாட்டாக இருக்கட்டும். அதிர்வையும் சேர்த்துப் போடுங்கள். வெட்டியதும் அவர் பக்கத்து அறையில் இருக்கும்போது அழைத்துப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் வேறு இடத்தில் வெட்டுங்கள்.