வனுவாட்டுவும் பிஸ்லாமா மொழியும்: கேள்வி பதில்

கேள்வி: தென் பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் பொதுமொழிக்குப் பிஸ்லாமா என்ற பெயர் எப்படி வந்தது?

பதில்: கடலட்டையிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர்கள் இத்தீவுகளிலிருந்து சீனச் சந்தைக்குக் கொண்டுசென்றவை சந்தனக் கட்டையும் உலர்த்திய கடலட்டையும்தான். எரொமாங்கோ தீவில் சந்தனம் இருப்பதை வணிகர் பீட்டர் டில்லன் 1825இல் அறிந்தபின் கப்பல்களின் வரத்துப் பெருகியது. கடலட்டையைக் குறித்த 'பெஷ் த மேர்' என்ற பெயரே அக்கப்பல்களில் வழங்கிய பேச்சுக்கும் ஆகி, நாளடைவில் பிஸ்லாமா என்று திரிந்தது.

கேள்வி: வணிகர்களோடு பேரம் பேசப் பயன்பட்ட பேச்சு எப்படி ஒரு மக்களின் மொழியாயிற்று?

பதில்: அதற்குக் கரும்புத் தோட்டங்களே காரணம். 1863 முதல் ஏறத்தாழ 40 ஆண்டுகள் இத்தீவுகளிலிருந்தும் சாலமன் தீவுகளிலிருந்தும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கூலியாட்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். பலர் ஒப்பந்தத்தின் பேரில் போனார்கள், பலர் ஏமாற்றியும் கடத்தியும் ஏற்றப்பட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்கும் தீவுக்கூட்டத்திலிருந்து வந்து ஒரே கொட்டகையில் தங்கவைக்கப்பட்டவர்களுக்கு வேறு பொதுமொழி இல்லை. ஆகவே மேலாளரின் கட்டளையைப் புரிந்துகொள்ள உதவிய பேச்சே அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சாகவும் ஆனது. ஆஸ்திரேலியாவின் 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்களில் பெரும்பாலோர் திருப்பியனுப்பப்பட்டபோது, இந்த மொழியும் அவர்களோடு ஊர் திரும்பியது. இதை வெள்ளையர் கொடுத்த மொழி என்று சொல்பவர்கள் இந்த உழைப்பாளிகளை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: எப்படிப் பார்த்தாலும் அது உடைந்த ஆங்கிலம்தானே?

பதில்: இல்லை. சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலிருந்து வந்தவை என்பது உண்மை. ஆனால் அவற்றைக் கோத்திருக்கும் இலக்கணம் தீவு மக்களுடையது. 'பை மிஃபலா இ குக்கும் ரைஸ்' என்ற தொடரைப் பாருங்கள்: 'நாங்கள் சோறு சமைப்போம்' என்று பொருள். 'பை' எதிர்காலத்தைக் காட்டுகிறது. 'குக்' என்ற வினை செயப்படுபொருளை ஏற்கும்போது 'குக்கும்' ஆகிறது. இடையில் நிற்கும் 'இ' பயனிலை தொடங்குவதை உணர்த்துகிறது. 'மிஃபலா' என்றால் கேட்பவரை விலக்கிய நாங்கள். 'யூமி' என்றால் அவரையும் உட்படுத்திய நாம். தமிழ் இலக்கணம் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று கூறும் இந்த வேறுபாடு ஆங்கிலத்தில் கிடையாது, பசிபிக் தீவு மொழிகளில் உண்டு. நீயும் நானுமாக இருவர் மட்டும் என்றால் 'யூமிது', கேட்பவரை விலக்கிய மூவர் என்றால் 'மித்ரிஃபலா' என்று தமிழிலும் இல்லாத நுட்பம் அதில் இருக்கிறது. இத்தனை ஒழுங்குள்ள மொழியை உடைந்தது என்பது அறியாமை.

கேள்வி: பிரெஞ்சும் அங்கே ஆட்சிமொழியாக இருப்பது ஏன்?

பதில்: நியூ ஹெப்ரிடிஸ் என்று அப்போது வழங்கிய அந்நாட்டை 1906 முதல் பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக ஆண்டன. காவல்துறை இரண்டு, சிறை இரண்டு, பள்ளிகளும் இரு வகை. மண்ணின் மக்களோ இரு நாடுகளில் எதற்கும் குடிமக்கள் அல்லர்.

கேள்வி: விடுதலைக்குப்பின் பிஸ்லாமாவின் நிலை என்ன?

பதில்: ஆங்கிலம் படித்தோர், பிரெஞ்சு படித்தோர் என்று பிரிந்து கிடந்தவர்களிடம் விடுதலை இயக்கத்தின் பேச்சைக் கொண்டுசேர்த்தது பிஸ்லாமாதான். 1980 ஜூலை 30 அன்று நாடு விடுதலை பெற்றது. வால்டர் லினி முதல் பிரதமரானார். 'யூமி, யூமி, யூமி' என்று தொடங்கும் நாட்டுப்பண்ணும் இம்மொழியிலேயே அமைந்தது. அரசமைப்புச் சட்டம் பிஸ்லாமாவைத் தேசிய மொழியாகவும், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகியவற்றோடு ஆட்சிமொழியாகவும் அறிவிக்கிறது. ஆனால் அதே சட்டம், கல்விக்குரிய முதன்மை மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும் என்கிறது. நாடாளுமன்றத்தில் பேசப்படும் மொழியை வகுப்பறை வாசலில் நிறுத்தியது நியாயமில்லை என்பதே என் கருத்து.

கேள்வி: பிஸ்லாமா வளர்ந்தால் தீவுகளின் சிறு மொழிகள் அழிந்துவிடாதா?

பதில்: அந்த அச்சத்தில் பொருள் உண்டு. போர்ட் விலா, லுகன்வில் நகரங்களில் வெவ்வேறு தீவுகளைச் சேர்ந்த பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைகள் பலருக்குப் பிஸ்லாமாவே தாய்மொழி. பாட்டியின் மொழி அவர்களுக்குப் பேச வருவதில்லை. ஆனாலும் ஊர்ப்புறங்களில் சிறு மொழிகள் வீட்டிலும் சடங்கிலும் வாழ்கின்றன. தொடக்க வகுப்புகளில் அம்மொழிகளிலோ பிஸ்லாமாவிலோ கற்பிக்க இப்போது கொள்கையளவில் இடமிருக்கிறது. அதற்குரிய பாடநூல்களும் ஆசிரியர்களும்தான் அவசரத் தேவை.