எம்ஆர்என்ஏ ஏறியும் புரதம் ஏறவில்லையா?

42 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்த செல்களில் எச்எஸ்பி70 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதத்தின் எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான மரபணு நகல்) பல மடங்கு ஏறியும், புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் புரதம் அப்படியே இருக்கிறது என்கிறீர்கள். சோதனை பாழாகவில்லை.

சூடு பட்டதும் எச்எஸ்எஃப்1 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் மும்மூன்றாக இணைந்து எச்எஸ்பி70 மரபணுவை முடுக்கிவிடுகிறது. அதே வேளையில் புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் ஈஐஎஃப்2 ஆல்ஃபாவில் பாஸ்பேட் ஏறி, பொதுவான புரத உற்பத்தி மட்டுப்படுகிறது. எச்எஸ்பி70 இந்தத் தடையை ஓரளவு தாண்டிவிடும், ஆனால் புரதம் சேர நேரம் வேண்டும். சூடாக்கிய கையோடு செல்களை உடைத்துவிட்டீர்களா? 37 டிகிரிக்குத் திருப்பி, 4 முதல் 6 மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

எனக்கு உண்மையில் சந்தேகம் பிளாட்டில் புரதத்தைப் பிடித்துக் காட்டும் உங்கள் ஆன்டிபாடி மேல்தான். எச்எஸ்பி70-க்கு எச்எஸ்சி70 என்ற உடன்பிறப்புப் புரதம் உண்டு; அது சூடு இல்லாமலே செல்லில் நிறைந்திருக்கும். இரண்டையும் பிடிக்கும் ஆன்டிபாடி என்றால் ஏற்றம் அதில் மறைந்துபோகும். எச்எஸ்சி70-ஐப் பிடிக்காது என்று குப்பியோடு வந்த தாளில் போட்டிருக்கிறதா?