யூடியூப் புகழும் குத்துச்சண்டை மேடையும்: தோட்டத்துத் தாய் ஒருவருக்கு எழுதும் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பதை விட்டுவிட்டு யூடியூப் சனல் தொடங்கி, பெயர் வந்ததும் குத்துச்சண்டை மேடை ஏறிச் சம்பாதிக்கப்போவதாக மகன் பிடிவாதம் பிடிப்பதாகவும், கண்டித்தால் இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நானும் அவருடன் பேசினேன். உரச் சாக்கில் மணலை நிரப்பி, லயத்துக்குப் பின்னாலுள்ள கொய்யா மரத்தில் கட்டித் தினமும் குத்துவதால் அவருடைய விரல் கணுக்களில் தோல் உரிந்திருக்கிறது. அந்த உழைப்பை வெறும் விளையாட்டுத்தனம் என்று நான் ஒதுக்கமாட்டேன்; நீங்களும் ஒதுக்க வேண்டாம். அவர் வழிகாட்டியாக எடுத்துக்கொண்டிருக்கும் ஆளைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

அவர் சொல்லும் ஜேக் போல் என்ற அமெரிக்கர், காணொளிகளால் பெருங்கூட்டத்தைச் சேர்த்த பிறகே மேடைக்கு வந்தார். 2020இல் தொழில்முறைப் போட்டிகளைத் தொடங்கியபோது அவர் முதலில் மோதியவர்கள் இன்னொரு யூடியூபர், ஒரு முன்னாள் கூடைப்பந்து வீரர், கலப்புத் தற்காப்புக் கலையில் தமது நல்ல காலத்தைக் கடந்துவிட்ட சிலர் ஆகியோரே. குத்துச்சண்டையையே தொழிலாகக் கொண்ட, ஏறத்தாழத் தம் வயதுடைய டொமி பியூரியை 2023 பெப்ரவரியில் சந்தித்ததும் தோற்றுப்போனார். அடுத்த ஆண்டு நவம்பரில் டெக்சாஸில், 27 வயதுடைய அவருக்கு எதிரே 58 வயதான முன்னாள் உலகச் சம்பியன் மைக் டைசன் நிறுத்தப்பட்டார். சுற்றுக்கு வழக்கமான மூன்று நிமிடங்கள் இரண்டாகக் குறைக்கப்பட்டன. கையுறைகளும் வழக்கத்தைவிடக் கனமான 14 அவுன்ஸ் கையுறைகள். எட்டுச் சுற்றுகளில் டைசனின் குத்துகளில் இலக்கைத் தொட்டவை 18 மட்டுமே. ஆயினும் அது அந்த மாநிலத்தின் அனுமதி பெற்ற தொழில்முறைப் போட்டியாகவே பதிவாகியிருக்கிறது. ஆகவே அதை விதிமீறல் என்று சொல்ல முடியாது. விதிக்கு உட்பட்டே ஒரு விளையாட்டின் மதிப்பைக் கரைத்துவிடலாம் என்பதே அங்குள்ள சிக்கல். 2025 ஜூனில், உச்சத்தைக் கடந்துவிட்ட முன்னாள் உலகச் சம்பியன் சாவேஸ் ஜூனியரை வென்றதும், உலகக் குத்துச்சண்டைச் சங்கம் ஜேக் போலுக்குத் தரவரிசையில் 14ஆம் இடத்தைக் கொடுத்தது. சிறு மண்டபங்களில் சொற்பப் பணத்துக்கு ஆண்டுக்கணக்காக மோதி ஏறிவரும் வீரன் ஒருவன் அந்த வரிசையைப் பார்த்து என்ன நினைப்பான் என்று மகனிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் மயாமியில், 2012 ஒலிம்பிக் தங்கம் வென்றவரும் முன்னாள் உலக அதிபாரச் சம்பியனுமான அந்தோனி ஜோஷுவா, ஜேக் போலை ஆறாம் சுற்றில் வீழ்த்தினார். தாடை எலும்பு முறிந்தது. தாடை முறிந்தாலும் கைநிறையப் பணத்துடன் அவர் வீடு போனார். நாளைக்குப் பெயர் தேடி, மருத்துவர் இல்லாத ஏதோவொரு காட்சிப் போட்டியில் நம் பிள்ளை மண்டையில் அடிவாங்கினால், மறுநாள் நாள் சம்பளத்தை விட்டு அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடப்போவது நீங்கள்தான்.

ஆகவே குத்துச்சண்டையைத் தடுக்காதீர்கள். அதற்கு உரிய வாசலைக் காட்டுங்கள். 1938இல் சிட்னியில், பொதுநலவாயப் போட்டிகளின் முன்னோடியான பேரரசு விளையாட்டுப் போட்டிகளில் பார்னி ஹென்ரிக்கஸ் தங்கம் வென்ற காலத்திலிருந்து இலங்கையில் இந்த விளையாட்டுக்கு ஒரு மரபு இருக்கிறது. 2010இல் டெல்லியில் மஞ்சு வன்னியாராச்சி வென்ற பொதுநலவாயத் தங்கம், ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால் பறிபோனது. நாட்டுக்கே அது பெரிய ஏமாற்றம். ஆனால் கணக்குக் கேட்க ஆளிருக்கும் விளையாட்டு எப்படி நடக்கும் என்பதற்கு அதையே மகனிடம் எடுத்துச் சொன்னேன். பாடசாலைகளுக்கிடையிலான போட்டிகள், மாவட்ட விளையாட்டு அதிகாரியின் ஊடாகக் கிடைக்கக்கூடிய பயிற்சி, எடைப்பிரிவு, மருத்துவப் பரிசோதனை, பதிவு பெற்ற பயிற்றுநர் ஆகியவை இருக்கும் இடத்தில் மட்டும் அவர் மோதட்டும். கையுறையும் பல்காப்பும் இல்லாமல் நண்பர்களோடு மோதிக் காணொளி எடுப்பதை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள்.

பிழைப்பைப் பொறுத்தவரை, முப்படைகளிலும் பொலிசிலும் குத்துச்சண்டை அணிகள் உண்டு. அங்கே சேரச் சாதாரண தரப் பெறுபேறு கேட்பார்கள். உயர்தரத்தில் ஆகக்குறைந்த தகுதியைப் பெற்று, தேசிய மட்டத்தில் சாதித்த மாணவருக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு இருக்கிறது. பெலிஹுல்ஓயாவிலுள்ள சபரகமுவப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியைப் பட்டப்படிப்பாகவே படிக்கலாம். உடற்கல்வி ஆசிரியர், பயிற்றுநர் என்று பின்னர் கிளைக்கும் வழிகளும் பரீட்சையைத் தாண்டியே வருகின்றன. சனல் விடயத்தில் எனக்குப் பெரிய எதிர்ப்பு இல்லை. பரீட்சை முடிந்த பிறகு, பயிற்சியைப் பற்றி எடுத்தால் எடுக்கட்டும். கடன்பட்டுப் புதுத் தொலைபேசி வாங்கிக் கொடுக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

கொழுந்து குறைவான ஒரு நாளில் அரைநாள் விடுப்பு எடுக்க முடிந்தால், மகனைக் கூட்டிக்கொண்டு, கடந்த தவணை முன்னேற்ற அறிக்கையையும் எடுத்து வாருங்கள். கணிதத்தில் அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்து, காலைப் பயிற்சிக்கும் இடம் விட்டு ஒரு நேரசூசியை மூவருமாக எழுதிவிடலாம்.