மூலையில தொங்குற நீளக்கால் சிலந்தி எது?

கேள்வி: ரூம் மூலையில ஒரு சிலந்தி தலைகீழா தொங்குது. கால் ரொம்ப மெலிசா நீளமா இருக்கு, முட்டியில கருப்பும் வெள்ளையுமா தெரியுது. நெட்ல தேடினா ஃபோல்கஸ்னு வருது, ஆனா அந்த போட்டோவுல இருக்கற வயிறு இதுக்கு ஒத்துவரல. தொட்டா பயங்கரமா ஆடுது, வாயில வேற ஏதோ உருண்டையா கவ்விட்டிருக்கு. இது என்ன இனம், விஷமா?

பதில்: நீங்க வயித்தை கவனிச்சீங்க பாருங்க, பார்க்க வேண்டிய இடமே அதுதான். காலை மட்டும் பாத்தா இந்த ஃபோல்சிடே குடும்பத்துல பாதிக்கு மேல ஒரே மாதிரிதான் தெரியும், 1,500 இனத்துக்கு மேல இருக்கு. டார்ச் அடிச்சு பக்கவாட்டுல பாருங்க, வயிறு பின்பக்கம் மேல கூம்பா தூக்கிட்டு அங்கேருந்து செங்குத்தா கீழ இறங்குதுன்னா, கூடவே முட்டியில அந்த கருப்பு வெள்ளை வளையமும் கால்ல சின்னச்சின்ன புள்ளியும் இருந்துச்சுன்னா, அது க்ராஸோப்ரைசா லயோனி. 1867-ல ப்ளாக்வால்ங்கற சிலந்தி ஆய்வாளர் இதை முதல்ல விவரிச்சப்ப அவரே ஃபோல்கஸ் பேரினத்துலதான் சேர்த்தாரு, பிறகுதான் தனியா மாத்தினாங்க, அதனால நெட்ல அப்படி வந்ததுல ஆச்சரியம் இல்ல.

நீங்க போட்டோவுல பாத்தது ஃபோல்கஸ் ஃபலாஞ்சியாய்டஸா இருக்கும். அதுக்கு வயிறு நீளமா உருளையா, வெளிறின நிறத்துல இருக்கும், கூம்பு கிடையாது. இதே குடும்பத்து ஸ்மெரிங்கோபஸ் பாலிடஸுக்கும் உருளை வயிறுதான், ஆனா முதுகுல கருத்த திட்டு வரிசையா ஓடும். ஃபைசோசைக்ளஸ் குளோபோசஸ்னா வயிறு குண்டா உருண்டையா இருக்கும். மொபைல்ல மேலேருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணுன்னு ரெண்டு போட்டோ எடுத்தா போதும், பிரிச்சு சொல்லிடலாம்.

அந்த உருண்டை முட்டை, ஆக அது பொண்ணு. மெல்லிசா நாலஞ்சு இழை மட்டும் சுத்தி வாயிலயே தூக்கிட்டு திரியும், உத்து பாத்தா ஒவ்வொரு முட்டையும் தனித்தனியா தெரியும், பொரியற வரைக்கும் சரியா சாப்பிடக்கூட சாப்பிடாது, எனக்கு இந்த சிலந்தி மேல இவ்ளோ மரியாதை வர்றதே இதனாலதான். ஆடுறது தற்காப்பு, உடம்பு மங்கலா தெரியற வேகத்துல சுத்தினா எதிரிக்கு குறி வைக்க முடியாது.

"உலகத்துலயே கொடிய விஷம், பல்லுதான் சின்னது"ன்னு ஒரு கதை சுத்துது, அதை நம்பாதீங்க. மனுஷங்களுக்கு ஆபத்துன்னு சொல்ல எந்த ஆதாரமும் இல்ல. கொசு, ஈ, ஏன் மத்த சிலந்தியைக்கூட பிடிச்சு சாப்பிடும், நீளமான பின்னங்காலால தள்ளி நின்னே இழையை வீசி சுருட்டிடும்.

ஒட்டடை அடிச்சே ஆகணும்னா முதல்ல ஒரு டம்ளரை மேல கவுத்து, அடியில பேப்பரை விட்டு வேற மூலைக்கு மாத்திடுங்க. கையால பிடிக்காதீங்க, கால் சட்டுனு கழண்டுடும்.