முழுசாக உட்கார்ந்தால் முட்டி தேயுமா?

கேள்வி: எனக்கு வயது 20. காரைக்குடியில் கல்லூரியில் படிக்கிறேன். எட்டு மாதமாகப் பளுதூக்கும் பயிற்சி எடுக்கிறேன். கடைசி இரண்டு மாதத்தில் பேக் ஸ்குவாட்டை (தோளில் எடைக் கம்பியைச் சுமந்து உட்கார்ந்து எழுவது) 70 கிலோவிலிருந்து 100 கிலோவுக்கு ஏற்றினேன். இப்போது முட்டிச் சிப்பிக்குக் கீழே வலிக்கிறது. கீழே போகும்போது குதிகால் எழும்புகிறது. கோச் முழுசாக உட்காரச் சொல்கிறார். மாமாவோ, ‘பாதியோடு நிறுத்து, முட்டி தேய்ந்துபோகும்’ என்கிறார். யார் சொல்வது சரி? விடுமுறையில் வீட்டு வளவிலேயே (உள்முற்றத்தில்) பயிற்சி செய்கிறேன்.

பதில்: கோச் சொல்வதுதான் சரி. ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்ச் ஆனாலும், முதலில் தோளுக்கு ஏற்றும் கிளீன் ஆனாலும், கனத்த பாரை (எடை மாட்டிய கம்பியை) அடியில் உட்கார்ந்துதான் வாங்க வேண்டும். பாதியில் நின்று பழகினால் போட்டியன்று அந்த அடி உங்களுக்குப் புது இடமாக இருக்கும்.

முட்டி மடங்க மடங்கச் சிப்பிக்குப் பின்னால் அழுத்தம் ஏறும் என்பது உண்மை. ஆனால் ஏறத்தாழ 90 பாகையைத் தாண்டியதும் தொடைத் தசைநாணும் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) எலும்பில் படிந்து பாரத்தைப் பங்குபோடுகிறது. இன்னும் இறங்கினால் தொடையும் கெண்டைக்காலும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். பாதி ஸ்குவாட்காரர்கள் அழுத்தம் மிகுந்த இடத்திலேயே பிரேக் போட்டுத் திரும்புகிறார்கள். அதுவும் முழு ஸ்குவாட்டைவிட அதிக எடையோடு. பிள்ளையார்பட்டியில் அறுபது தாண்டிய ஆச்சிமார் தோப்புக்கரணம் போடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அவர்கள் தோளில் 100 கிலோ இல்லை என்று உங்கள் மாமா கேட்கலாம். நியாயமான கேள்வி. உங்கள் வலியின் காரணமும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு மாதத்தில் 30 கிலோ! தசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும். சிப்பியைக் கீழ்க்கால் எலும்போடு இணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் பலப்படும். நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது, ஆனால் உங்களுக்கு வலிப்பது அந்த நாண்தான் என்று நினைக்கிறேன். ஆழத்தைக் குறைக்காதீர்கள், எடையைக் குறையுங்கள். மூன்று வாரம் 60 கிலோவுக்கு மேல் போகாமல், நிதானமாக இறங்கி, அடியில் ஒரு நொடி நின்று எழுங்கள். லேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலை அது கூடியிருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் இருப்பதுபோல் 45 விநாடி, ஐந்து முறை இருந்தால் பலருக்கு வலி தணிகிறது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு பாரைத் தூக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

குதிகால் எழுவது பெரும்பாலும் கணுக்கால் இறுக்கத்தால். சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பெருவிரலை வைத்து, குதிகால் எழாமல் முட்டியால் சுவரைத் தொட முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் இதையே தினமும் இரண்டு காலுக்கும் பயிற்சியாகச் செய்யுங்கள். குதிகால் உயர்ந்த பளுதூக்கும் ஷூவும் உதவும். அது ஏமாற்று வேலை இல்லை. முட்டி கால்விரலைத் தாண்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். 2014லும் 2018லும் காமன்வெல்த் தங்கம் வென்ற நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் தூக்கும் காணொளிகளில் அவர் முட்டியைக் கவனியுங்கள்.

வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் அங்கே பாரை எடுக்காதீர்கள். எண்ணெய்விட்டுத் துடைத்த வழவழப்பில் கால் வழுக்கும். (கல் உடைந்தால் அப்பத்தாவிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.)

முட்டி வீங்கினாலோ, மடக்கிய இடத்தில் சிக்கிக்கொண்டாலோ, நடக்கும்போது நழுவினாலோ, இரவில் வலி எழுப்பினாலோ எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை வெறும் பாரைக்கூடத் தொட வேண்டாம்.